கலெக்டருக்குப் பிசைந்து வைத்தவன்

பல் போன பூனைக்குச் சாளை மீனைப் போல ஒத்துக்கொள்ளும் சாப்பாடு வேறு கிடையாது. உப்பு, மிளகாய், மஞ்சள் எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். நடுமுள்ளை உருவிவிட்டு, விரலால் தடவித் தடவிச் சின்ன முள்ளையும் பொறுக்கிவிட வேண்டும். பிறகு குழைந்த சோற்றோடு சேர்த்து, மீன் வெந்த தண்ணீரையே ஊற்றிக் கூழாகப் பிசைய வேண்டும். இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். ஆறிப்போனால் வாசம் எழும்பாது, பூனை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். கிண்ணம் ஆகாது, விளிம்பு வாயில் இடிக்கும். தட்டையான தட்டுதான் நல்லது. நான்கு வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் காஸ் துணியை வெந்நீரில் நனைத்து ஈறை மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். புண்ணுக்குக் கட்டுகிற இந்தத் துணியை நம் பக்கத்துத் தறிகளிலேயே நெய்வதால் அதற்குப் பஞ்சம் இல்லை.

ஐயா, இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் சபைக்கு நீங்கள் போதகராக வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வருகிற குடும்ப ஞாயிறு அன்று நான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று போன வாரம் கேட்டீர்கள். இறந்துபோன மனைவியின் வயதான பூனையை, அவள் போன பிறகும் இரண்டு வருடம் கைக்குழந்தை போல் பார்த்துக்கொண்ட பொன்னுராஜ் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். மேலே எழுதியிருக்கிற அத்தனையையும் நான் ஒரு வேளைகூடத் தவறாமல் செய்தேன். ஆனால் சபைக்கு முன்னால் நின்று சொல்வதற்கு முன், மற்றதை உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுவது முறை என்று நினைக்கிறேன். எனக்குப் பேச்சைவிட எழுத்துதான் வரும்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். சங்கு ஊதியதும் யார் உள்ளே வந்தார், யார் எத்தனை நிமிடம் பிந்தினார் என்று ரிஜிஸ்டரில் மையால் எழுதுவது என் வேலை. அதில் அடித்தல் திருத்தல் கூடாது. தவறிப்போய் ஒருவனுக்குப் பகல் ஷிப்ட் என்று எழுதிவிட்டால், அவனைக் கூப்பிட்டுப் பகல் ஷிப்டே பார்க்கச் சொல்லிவிடுவோம். எழுதியதற்கு ஏற்றாற்போல் ஆளை மாற்றுவோமே தவிர எழுதியதை மாற்ற மாட்டோம். அந்த ரிஜிஸ்டரில் ஒரு பொய்கூட கிடையாது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

என் மனைவி கிருபாபாய் இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்களுக்குக் குழந்தை இல்லை. காலையில் நான் ராஜபாளையம் பஸ் பிடிக்கும்போது அவள் குளித்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் நான் திரும்பும்போது அவளைச் சுற்றி டியூஷன் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவில், அதற்குப் பிறகு பெண்கள் ஐக்கிய சங்கம். ரிட்டயர் ஆனால் வீட்டில் இருக்கலாம், அவளும் இரண்டு வருடம் முன்னதாகவே வேலையை விட்டுவிடுவாள், எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நான் பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் சொன்னதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு ஜூன் முப்பதாம் தேதி ரிட்டயர் ஆனேன். ஜூலை பதினெட்டாம் தேதி அவள் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது.

பூனையின் பெயர் கலெக்டர். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் பெட்டிக்குள் குட்டியாகக் கிடந்ததை அவள்தான் எடுத்துவந்தாள். அது நடந்து வந்தால் நாங்கள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். அதனால் அந்தப் பெயர். அதற்குப் பதினோரு வயதானபோது எச்சில் ஒழுகத் தொடங்கியது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லும், வாயில் போட்டதைக் கீழே போட்டுவிடும், முன்னங்காலால் கன்னத்தைத் தேய்க்கும். ராஜபாளையம் மாட்டாஸ்பத்திரிக்கு ஒயர் கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். அங்கே மாட்டைக் கொண்டுவருவார்கள், ஊர்ப் பெயர் கொண்ட நாயைக் கொண்டுவருவார்கள். பூனையோடு வரிசையில் நின்றவர்கள் நாங்கள் மட்டும்தான். எல்லோரும் சிரித்தார்கள், டாக்டர் சிரிக்கவில்லை. நான்கு பல்லைப் பிடுங்கினார். மிச்சமும் சொத்தைதான், ஈறெல்லாம் புண், இனி இதற்கு மெல்லுகிற வேலையே கொடுக்கக் கூடாது என்றார். அன்றிலிருந்து கிருபாபாய் அதற்குப் பிசைந்து வைத்தாள்.

அவளுக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தது. அந்தப் பத்து நாளும் நான் கூடவே இருந்தேன். பக்கத்து வீட்டு ஆரிபாதான் பூனைக்குச் சோறு வைத்தாள். அவளுக்குப் பக்குவம் தெரியாது. நாங்கள் திரும்பி வந்தபோது கலெக்டர் முதுகெலும்பு தெரிய மெலிந்திருந்தது. அதன் பிறகு, கட்டி மறுபடி வராமலிருக்க மார்பில் கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்ச் சிகிச்சை, என்றார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் இருபத்தைந்து தடவை. நடுவில் விட்டால் வைத்ததற்கே பலன் இல்லாமல் போகும் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இது எனக்குத் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்ல முடியாது.

அந்த ஐந்து வாரமும் மதுரையில் அவள் தங்கச்சி செல்லக்கனி வீட்டில் தங்குவது என்று முடிவானது. நானும் வருகிறேன் என்றேன்.

"அங்க ஒத்த ரூமு. நீங்களும் வந்துட்டா இதுக்கு யாரு பிசைஞ்சு வைப்பா? போன தடவ ஆரிபா கையில விட்டு எம்புட்டு எளச்சுப்போச்சு பாத்தீங்கள்ல."

பிறகு ஒரு முழுத் தாளில், போர்டில் எழுதுவது போன்ற குண்டு எழுத்தில், சாளை மீனிலிருந்து காஸ் துணி வரை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினாள். எனக்கு என்ன சாப்பாடு என்று அதில் ஒரு வரி இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, தாளில் இடமும் இருக்கவில்லை.

முதல் வாரம் நன்றாகவே போனது. மீன்காரர் சமுத்திரம் காலையில் சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு வருவார். நான்கு சாளை வாங்குவேன், பார்த்துப் பார்த்துப் பிசைவேன். கலெக்டர் தட்டை நக்கித் துடைத்துவிட்டு என் காலில் உரசும். தினம் ஒரு இன்லேண்ட் லெட்டர் மதுரையிலிருந்து வரும். மேலே இத்தனையாவது கரண்ட் முடிந்தது என்று ஒரு வரி. பிறகு கலெக்டர் சாப்பிட்டதா, சோறு குழைந்திருந்ததா, எச்சிலில் ரத்தம் தெரிகிறதா. கடைசியில், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம் எனக்கு உடம்பு சுட்டது. காய்ச்சல் என்று எழுதினேன். ஒரு நாள் வந்துவிட்டுப் போவாள் என்று எதிர்பார்த்தேன். சனி, ஞாயிறு கரண்ட் கிடையாது. மதுரையிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் கூட ஆகாது. பதில் வந்தது. மாத்திரை போடுங்கள், ஆரிபாவிடம் கஞ்சி கேட்டு வாங்கிக் குடியுங்கள் என்று இரண்டு வரி. மீன் சரியாகக் கிடைக்காத நாளில் கலெக்டருக்கு முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து வைக்கலாம் என்று அரைப் பக்கம்.

அந்தக் கடிதத்தோடு நான் வாசலில் நின்றபோது ஆரிபா கேட்டாள்.

"அண்ணே, நீங்க வேணா மதுர போயி மைனியப் பாத்துட்டு வாங்க. இந்தத் தடவ நான் நல்லாப் பிசைஞ்சு வைக்கேன். சொவத்துல எழுதி ஒட்டிருக்காவள்ல, அதப் பாத்துச் செய்யுதேன்."

பார்ப்போம் என்றேன். அவள் அப்படிக் கேட்டதைக் கிருபாபாய்க்கு நான் எழுதவில்லை. எழுதாமல் விடுவது பொய் ஆகாது என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில், கலெக்டர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று எழுதினேன். வேறு எதையும் அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. தபால்பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கலெக்டர் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வயிறு புடைக்க வெயிலில் படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு கூசியது. முப்பத்து நான்கு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய் அது. இன்னொரு கடிதம் எழுதியிருக்கலாம், தபாலாபீஸ் நடக்கிற தூரம்தான். எனக்கு அது தோன்றவில்லை. வேலையில் பழகிய வழிதான் தோன்றியது.

நான் அதைப் பட்டினி போடவில்லை. நான்கு வேளையும் அந்தந்த நேரத்துக்குத் தட்டை வைத்தேன். சோற்றைக் குழைக்கவில்லை, மீனைப் பிசையவில்லை, முள்ளை எடுக்கவில்லை, சூடு பண்ணவில்லை. அவ்வளவுதான். கலெக்டர் வந்து ஒரு வாய் எடுக்கும், தலையைச் சாய்க்கும், கீழே போடும். மறுபடி எடுக்கும். பிறகு தட்டைப் பார்த்து உறுமிவிட்டு என் முகத்தைப் பார்க்கும். ஞாயிறு சாயங்காலத்துக்குப் பிறகு எடுக்கவே இல்லை. திங்கட்கிழமை கிருபாபாய் கையில் கடிதம் கிடைத்தபோது அதில் எழுதியிருந்தது முழுவதும் உண்மையாகிவிட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து இறங்கினாள். பதினோரு கரண்ட் முடிந்திருந்தது. ரவிக்கைக் கழுத்துக்கு மேலே ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு அடையாளம். அதில் தண்ணீர் படக் கூடாது, அழிந்தால் மறுபடி அளந்து போட வேண்டும். வாசலில் நின்ற என்னைத் தாண்டிப் போய்ப் பூனையைத் தூக்கினாள்.

"என்னடே இது, வெறும் தோலா இருக்க. அம்மா வந்துட்டம்லா."

அடுப்பைப் பற்றவைத்தாள். சமுத்திரம் அந்நேரம் வரமாட்டார் என்பதால் முட்டைக் கருவைக் கரைத்து விரலில் தொட்டுத் தொட்டு ஊட்டினாள். அது நக்கியது. அவள் அழுதாள். எனக்கு அவமானமாக இருந்தது, ஐயா. அதே நேரத்தில் அடுப்படியில் அவள் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

புதன்கிழமைக்குள் கலெக்டர் தேறிவிட்டது. மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்புவதாகச் சொல்லிப் பையில் சேலைகளை அடுக்கினாள். இரண்டு நாள்தான் விட்டுப்போயிருக்கிறது, டாக்டர் காலில் விழுந்தாவது கேட்டுக்கொள்வேன் என்றாள். சாயங்காலச் சாப்பாட்டை இந்தத் தடவை நான் வைக்கிறேன் என்றேன். எனக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போடுகிற பழக்கம் உண்டு; சுண்ணாம்பு டப்பா எப்போதும் இடுப்பில் இருக்கும். பூனையின் ஈறில் புண் எந்த இடம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் துடைத்துவிட்ட இடம்தானே. தடவியது ஒரு மிளகு அளவுகூட இருக்காது. விரல் நுனியில் இருந்ததுதான்.

அது கத்திக்கொண்டு சுவரில் மோதியது. எச்சில் நூலாகத் தொங்கியது. கிருபாபாய் அதை மடியில் வைத்துக்கொண்டு, நாளைக்கு எப்படிப் போவேன் என்றாள். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி பையை அடுக்கினாள். நான் மறுபடி சாப்பாடு வைத்தேன்.

இடையில் செல்லக்கனி மதுரையிலிருந்து வந்தாள். வாசலிலேயே சத்தம் போட்டாள்.

"ஏட்டி அக்கா, ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா? டாக்டரு தெனம் கேக்காரு. ஒரு பூனைக்காண்டி உசுர விடுவியா? அத்தான், நீங்களாச்சும் சொல்லுங்க."

நானும் சொன்னேன். போய்விட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று செல்லக்கனிக்கு முன்னால் தெளிவாகச் சொன்னேன். கிருபாபாய் பூனையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பூனைதான் பெரிதென்றால் என் வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டுச் செல்லக்கனி போனாள். பிறகு அக்காவின் அடக்கத்துக்குத்தான் வந்தாள். கடைசியாகத் தான் சொன்ன வார்த்தையை நினைத்து இன்றைக்கும் அழுகிறாள் என்று கேள்விப்படுகிறேன். நான் ஒரு கார்டு எழுதியிருந்தால் போதும். இந்த ஐந்து வருடத்தில் எழுதவில்லை.

கிருபாபாய் அதன் பிறகு பதினாறு மாதம் இருந்தாள். பள்ளிக்கூட வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். காலையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். கலெக்டர் அவள் காலடியில் கிடக்கும். தினம் குளிக்கக் குளிக்க அந்த ஊதாக் கோடு வெளுத்து, பத்துப் பதினைந்து நாளில் மறைந்துபோனது. நான் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பத்தெட்டு டிசம்பரில் முதுகு வலி என்று அதே டாக்டரிடம் போனோம். பழைய சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"பதினொண்ணோட நிப்பாட்டிட்டீங்களேம்மா. ஏன்?"

"வீட்டுல பூனைக்கு முடியல டாக்டர்," என்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சீட்டை மூடினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எண்பத்தொன்பது பிப்ரவரியில் அவள் போனாள். பூனைக்காக உயிரை விட்டவள் என்று ஊரே பேசியது. அந்தப் பூனையையும் தூக்கி எறியாமல் வைத்துப் பார்க்கிற மனுஷன் என்று என்னைச் சொன்னது. திருவிருந்துக்கு முன்னால் நான் எழுந்து வெளியே போவதை நீங்கள் கவனித்துக் கேட்டீர்கள். சர்க்கரை வியாதி, உட்கார முடியவில்லை என்றேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

முழுதாக வைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வாக்கியத்தை நான் எனக்குள் பல முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லி முடித்ததும் தூக்கம் வருவதில்லை. அவளை மதுரைக்குப் போகவிடாமல் செய்தவன் நான். பூனை ஒன்றும் செய்யவில்லை.

இனி ஒன்றுதான் பாக்கி. அதையும் எழுதாவிட்டால் இது சரியான வாக்குமூலம் ஆகாது.

அவள் மூன்றாவது முறை பையை அடுக்கிய நாள், அக்டோபர் ஏழாம் தேதி, புதன்கிழமை. காலை பத்து மணி இருக்கும். பதினொன்றரை பஸ்ஸுக்குப் போவதாக இருந்தாள். நான் பூனைக்குச் சாப்பாடு வைத்துவிட்டுத் திரும்பினேன். அது கத்தியது. அவள் ஓடிவந்து தூக்கி, வாயைத் திறந்து, காஸ் துணியால் ஈறைத் துடைத்தாள். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பிறகு என் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தாள்.

திட்டவில்லை, ஐயா. எழுந்துபோய் வெண்ணெய் எடுத்துவந்து பூனையின் ஈறில் தடவினாள். என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"நான் இனிமே மதுரைக்குப் போகல. எங்கயும் போகல. இது வாயில இனிமே ஒண்ணும் வைக்காதீங்க. பாவம், அது ஒங்களுக்கு ஒண்ணும் பண்ணல."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தான் போனால் அந்த வாயில்லா ஜீவனை நான் என்ன செய்வேன் என்று பயந்துதான் இருந்துவிட்டாள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு அவளை அடக்கம் பண்ண வேண்டியிருந்தது. அன்றைக்கு என் காதில் விழுந்தது முதல் இரண்டு வாக்கியம் மட்டும்தான். பையிலிருந்த சேலைகளை நானே எடுத்துப் பீரோவில் அடுக்கி வைத்தேன். மத்தியானம் அவள் எனக்குப் பருப்புக் குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் வைத்தாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அன்றைக்குப் போல நிம்மதியாக நான் சாப்பிட்டதில்லை.